கயிற்றில் ஓர் ஆள் குறைகிறது

“இவன் இழுக்கல்ல மனே. சும்மா கயித்தப் பிடிச்சிற்று நிக்கிறான். முதுகப் பாரு, வேர்வையே இல்ல.”

மையால் கீறிய படமொன்றில் வேர்வை தேடிய ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மீன் விற்கிற அக்கா ஒருவர், தலையில் அகன்ற மீன் பேசனோடு கடை வாசலில் நின்று, உள்ளே சுவரில் தொங்கிய படத்தை எட்டிப் பார்த்துச் சொன்னார். நான் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வெட்டும்போது யாராவது வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீன் வேண்டாம் என்றேன்.

“மீன் வாங்கச் சொல்லி உன்ன ஆரு கேட்ட?” என்று பேசனை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்துகொண்டார். அதன் பிறகு அநேகமாக எல்லா நாளும் வந்தார். விற்று முடித்த பேசனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படத்துக்கு எதிரே இருந்து வெற்றிலை போடுவார். ஒரு வாய் வெற்றிலை முடியுமுன் எழும்பி வாசலுக்குப் போய் வீதியைப் பார்ப்பார், திரும்பி வந்து இருப்பார், மறுபடி எழும்புவார். அப்படி நிலைகொள்ளாத மனுசியை நான் கண்டதில்லை. பக்கத்தில் இருக்கிறவருக்கும் அது தொற்றிவிடும். அவர் எழும்பும்போதெல்லாம் நானும் காரணமில்லாமல் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வீதியைப் பார்ப்பேன்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்துபோன அடுத்த வருஷம் அது. நாவற்குடாவில் பிரதான வீதியோரம் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை என்னுடையது. முன்பெல்லாம் சாமி படங்களும் கலியாணப் படங்களும் வரும். அந்த வருஷம் வந்தவை எல்லாம் செத்தவர்களின் முகங்கள். உப்புத் தண்ணீரில் ஊறிப் பாதி அழிந்த படங்களைக் கொண்டுவந்து, ‘இந்த மூக்கு மட்டும் தெரியுது, இதையாவது பெருப்பிச்சுச் சட்டம் போடுங்க’ என்பார்கள். வியாபாரம் நன்றாக நடந்தது என்று சொல்லவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த மைப்படமும் அப்படி வந்ததுதான். கடற்கரைப் பக்கம் குடியிருந்த, படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் கொண்டுவந்தார். அவருடைய தகப்பன் காலத்திலிருந்தே வீட்டில் தொங்கிய படமாம். யார் கீறியது என்று அவருக்கே தெரியாது. சட்டமும் கண்ணாடியும் போயிருந்தன, தாள் மட்டும் ஒரு பூவரச மரத்தில் மாட்டிக் கிடந்ததாம். புதிதாகச் சட்டம் போடச் சொல்லிவிட்டுப் போனவர் மகளோடு வெளிநாடு போய்விட்டார். படத்தை நீயே வைத்துக்கொள் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். நான் அதை வேலை மேசைக்கு நேரே மாட்டிவைத்தேன்.

கரைவலை இழுக்கிற காட்சி. மெல்லிய பேனாக் கோடுகள். தூரத்தில் ஒரு தோணி, அலைக்கு மேலே அதன் மூக்கு மட்டும் தெரியும். இந்தப் பக்கம் மீனவர் தங்குகிற ஓலை வாடி, கூடைகளோடு குந்தியிருக்கிற பெண்கள், கால்களை நீட்டிப் படுத்திருக்கிற ஒரு நாய். நடுவே கயிறு. தண்ணீரிலிருந்து வருகிற அந்த நீளக் கயிற்றை இடுப்பில் கொளுவிக்கொண்டு, பின்பக்கம் சாய்ந்து இழுக்கிற ஆண்களின் வரிசை. வரிசையின் நடுவில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு வெறுமையாக இருக்கும். கயிறு அந்த வெறுமையையும் தாண்டி விறைப்பாகப் போகும். சரியாக அந்த இடத்தில்தான் உப்புத் தண்ணீர் தேநீர் நிறத்தில் ஒரு கறை வைத்திருந்தது.

அந்த வெறுமையைத்தான் அக்கா பிடித்துக்கொண்டார்.

“இந்த இடத்துல நிண்டவன் எங்க மனே?”

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வலை இழுக்கிறவர்கள் பின்னால் நடந்து நடந்து போவார்கள். கடைசி ஆள் கொளுவியதைக் கழற்றிக்கொண்டு தண்ணீர்க் கரைக்குப் போய் முன்னுக்கு மறுபடி கொளுவுவான். கீறுகிற நேரத்தில் ஒருவன் அப்படி இடம் மாறியிருப்பான்.

“அப்பிடியெண்டா அவன் மணல்ல நடந்து போகணுமே. எங்க நடக்கிறான், காட்டு பாப்பம். அதோட, கழட்டுறவன் கடைசியில நிக்கிறவனல்லோ. இது நடு.”

படத்தில் மணலில் நடக்கிறவன் ஒருவனும் இல்லை. “கீறினவர் மறந்திருப்பார்” என்றேன்.

“நாயக் கீற மறக்கல்ல, ஆளக் கீற மறந்திற்றாரோ?”

அதற்குப் பதிலையும் அவரே வைத்திருந்தார். அந்த ஆள் பீடி வாங்கப் போயிருக்கிறான் என்றார். அடுத்த நாள் கேட்டால், தன்னாமுனையில் மாமியார் செத்துப்போய்விட்டார், காலையிலேயே சைக்கிளில் போய்விட்டான் என்றார். இன்னொரு நாள் உள்ளங்காலில் நண்டு கடித்துச் சீழ் பிடித்துவிட்டது, வாடிக்குள் படுத்திருக்கிறான். வேறொரு நாள் வலையின் மற்றக் கயிற்றில் ஆள் குறைவென்று கூப்பிட்டார்கள், அங்கே போய் இழுக்கிறான், அந்தப் பக்கத்தைக் கீறுவதற்குத் தாள் போதவில்லை. செத்த மனைவியின் படத்துக்குச் சட்டம் போட வந்த ஒரு மனிதர் இதைக் கேட்டுச் சிரித்தே விட்டார். கடல் வந்த பிறகு சிரித்தது இன்றைக்குத்தான் என்று சொல்லிவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட்டுக்கொண்டு போனார்.

அக்காவின் குணமே அதுதான். யார் எங்கே என்று கேட்டாலும் அவர் வாயில் பதில் இருக்கும். கேள்வி முடிவதற்கு முன்பே வந்துவிடும்.

ஒருநாள் மத்தியானம் கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். சண்டை நடந்துகொண்டிருந்தது, எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்கிற காலமில்லை அது. எல்லாப் பக்கத்தாரும் பிடித்துப்போக வந்து இளவட்டப் பெடியன்களைத்தான் கேட்டார்கள். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரின் மகன் எங்கே என்று என்னிடம் விசாரித்தார்கள். பெடியன் அந்த நேரத்தில் என் கடையின் பின்னறையில் பலகைகளுக்கு இடையில்தான் இருந்தான்.

“அவன் கொழும்புக்குப் போயிற்றான் தம்பி” என்றார் அக்கா, வெற்றிலையை மடித்தபடி. “பேக்கரியில நிக்கிறான். கேக் பக்கம் விடமாட்டாங்களாம், பாண் மட்டுந்தான் போடுறானாம். கையெல்லாம் சுட்டுப்போய்க் கிடக்காம், தாய் ஒரே அழுகை.”

அவர்கள் போய்விட்டார்கள். அக்கா எனக்கு விளக்கம் சொன்னார்: “பொய் சொல்லுறதெண்டா வேண்டாத விசயம் ஒண்டையும் சேத்துச் சொல்லணும் மனே. பேக்கரி எண்டு மட்டும் சொன்னா எந்தப் பேக்கரி எண்டு கேப்பான். பாண் போடுறான் எண்டு சொன்னா கேக்கமாட்டான்.”

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றிலிருந்துதான். பயமும் அன்றிலிருந்துதான். இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல எங்கே பழகினார் என்று யோசித்தேன்.

அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது கொஞ்சம். கல்லடிக் கடற்கரையில் வீடு. புருஷன் சீவியம் முழுக்கக் கரைவலைக் கயிறு இழுத்தவர், கடல் வருமுன்னமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கடல் வந்தபோது அக்கா மீன் பேசனோடு நாவற்குடாப் பக்கம் நின்றதால் தப்பினார். வீடு போனது. ஒரே மகனையும் கடல் கொண்டுபோனது. என் மனைவியின் சின்னம்மாவின் வளவில் ஒரு கொட்டில் போட்டு இருந்தார். வாவியில் பிடிபடுகிற மணலை மீனையும் இறாலையும் விடிய வாங்கி, வீதிவீதியாகக் கூறு வைத்து விற்றார். இதற்கு மேல் யாரும் கேட்கவுமில்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் என்னவென்று கேட்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அவருக்குக் கத்தரிக்காய்ப் பால்கறியோடு சோறு கொடுத்தாள். அக்கா சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு நிற்காமலே அழுகையாகிவிட்டது. நாங்கள் இருவரும் பதறிப்போனோம்.

“நான் இதத்தான் அவனுக்குப் படைச்ச” என்றார். “முப்பத்தொண்டுக்கு.”

பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தபோது, செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் படையலை எல்லாரும் சேர்ந்து செய்தார்கள். அவரவர் பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைத்து வாழையிலையில் வைத்தார்கள். ஒருத்தி பிஸ்கட்டும் சோடாவும் வைத்தாள். அக்கா கத்தரிக்காய் வைத்தார்.

“அவனுக்கு நல்ல விருப்பமோ அக்கா?” என்று கேட்டாள் என் மனைவி.

“தொடமாட்டான் கா. மணத்தாலே எழும்பிப் போயிருவான். அதுதான் வச்ச. இது அவனுக்கில்ல எண்டு சாமிக்கு விளங்கட்டும் எண்டு.”

மகன் சாகவில்லை. கடல் வருவதற்கு மூன்று கிழமைக்கு முன் அவனைக் கேட்டு வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். அன்றே அக்கா அவனை அம்பாறைப் பக்கம், புருஷனுக்குப் பழக்கமான, நிறைய வயல் வைத்திருந்த முஸ்லிம் போடியார் ஒருவரின் வட்டைக்கு வயல் காவலுக்கு அனுப்பிவிட்டார். கடல் வந்த காலையில் அவன் காவல் பரணில் இருந்து பன்றி துரத்திக்கொண்டிருந்தான். செத்தவர்களின் பெயர் எழுத அதிகாரிகள் முகாமுக்கு வந்தபோது அக்கா யோசிக்கவேயில்லை. முதல் நாள்தான் வீட்டுக்கு வந்தவன், விடியச் சாப்பிடாமல் கடலடிக்குப் போனவன், கடல் கொண்டுபோய்விட்டது என்றார். சாட்சி சொல்ல அக்கம்பக்கத்து வீட்டாரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவரே கையொப்பம் வைத்தார். செத்தவனை யாரும் தேடி வரமாட்டார்கள்.

“நான் பொய்யா அழல்ல கா” என்று என் மனைவியிடம் சொன்னார். “மத்தப் பொண்டுகள் ஒப்பாரி வைக்கக்குள்ள எனக்கும் உண்மையாத்தான் வந்திச்சு. அழுதிற்று, மறுகா பயந்திற்றன். இப்பிடி அழுதா அவனுக்கு ஏதும் ஆகிருமோ எண்டு.”

அன்று இரவு எனக்கும் என் மனைவிக்கும் சண்டை. இப்படியும் ஒரு தாய் செய்வாளா என்று நான் கேட்டேன். நமக்கொரு மகன் இருந்தால் அவனை நான் இரண்டு தடவை சாகடித்திருப்பேன் என்றாள் அவள்.

அதற்குப் பிறகு படத்தின் முன் அக்கா சொல்கிற கதைகளை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. அந்த வெறும் இடத்துக்கு அவர் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடிப்பது மகனுக்காகத்தான் என்று விளங்கிவிட்டது. யாராவது என்றைக்காவது கேட்டால் சொல்வதற்குத் தயாராக வாயைப் பழக்கிக்கொண்டிருந்தார். நான் சிரிப்பதை விட்டுவிட்டேன். அவர் கதை சொல்வதை விடவில்லை. மகனைப் பார்க்க மாதத்துக்கொரு தடவை கருவாட்டுப் பொட்டலத்தோடு பஸ் ஏறுவார். போடியாரிடம் வேலை செய்கிற, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு பை அரிசி கொண்டுவந்து என் கடையில் வைத்துவிட்டுப் போவார். மகனை நான் ஒருநாளும் கண்டதில்லை. உயரமா, கட்டையா என்றுகூடத் தெரியாது.

“அக்கா, பெடியனுக்கு அடையாள அட்டை எடுக்கணுமே” என்று ஒருநாள் கேட்டாள் என் மனைவி. “அது இல்லாம ஒரு சந்தி தாண்ட ஏலாது.”

“செத்தவனுக்கு ஆரு கா குடுப்பான்?” அக்கா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து இருந்தார். “சண்டை முடியட்டும். கடல் திருப்பித் தந்திற்று எண்டு போய்ச் சொல்லுவன்.”

அவர் சொன்ன விதத்தில் நாங்களும் சிரித்துவிட்டோம்.

கடல் வந்து மூன்றாம் வருஷம், ஒரு சனிக்கிழமை, அரிசிப் பையில்லாமல் அந்தக் காக்கா வந்தார். கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல், இயங்க விட்டபடியே கேட்டார்.

“அக்காட புள்ள வந்து சேந்திச்சா?”

நான் விழித்தேன். அக்கா கதிரையில் இருந்து எழும்பினார்.

“வியாழக்கிழம காலத்தால நான்தான் பஸ்ஸேத்தி உட்டன். உம்மாக்குக் காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டு நிக்கமாட்டன் எண்டுட்டான். போகாத தம்பி எண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்த.”

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது உண்மைதான். இரண்டு கிழமைக்கு முன் வந்து மாறியும்விட்டது. யாரோ பஸ்ஸில் போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதே பஸ்ஸில் வந்த ஒருவரைக் காக்கா பிறகு தேடிப் பிடித்துக் கேட்டார். வழியில் எல்லாரையும் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். அட்டை இல்லாதவர்களை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு மற்றவர்களை ஏறச் சொன்னார்களாம். பஸ் எடுக்கும்போது ஒரு பெடியன் கையில் ஒரு பையோடு வெயிலில் நின்றானாம். யார் இறக்கியது, எங்கே கொண்டுபோனது என்று அவரும் சொல்லவில்லை. சொன்னாலும் அந்தக் காலத்தில் யாரிடம் போய் நிற்பது.

அக்கா அழவில்லை. பேசனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, உள்ளே மீன் ஒன்றும் இல்லாமலே, “மீனோய்” என்று கூவிக்கொண்டு வீதியில் இறங்கிப் போனார். நான் பின்னால் ஓடிக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அதிலிருந்து அவர் மீன் விற்ற வழிகள் மாறின. எங்கெங்கே படை முகாம் உண்டோ, எங்கெங்கே காவலரண் உண்டோ அந்த வாசல்களில் போய்க் கூறு வைத்தார். மலிவாகக் கொடுத்தார். கொடுக்கும்போது கதைவாக்கில் ஒரு பெடியனைப் பற்றிக் கேட்பார். இதெல்லாம் என் மனைவி மூலம் எனக்குத் தெரியவந்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அக்கா கடைக்கு வந்ததும் கேட்டேன்.

“என்ன பேர் சொல்லிக் கேக்கிறீங்க?”

அவர் ஒரு பெயர் சொன்னார். அது மகனின் பெயரில்லை.

“என்ட அக்காட மகன் எண்டு சொல்லுறன்” என்றார்.

“உங்களுக்கு அக்காவே இல்லையே! வேற பேரச் சொல்லித் தேடினா எந்தக் காலத்துல கிடைப்பான்?”

“அவன்ட பேரச் சொன்னா அது செத்தவன்ட பேரல்லோ. ஆரும் பதிவப் போய்ப் பாத்து, ஏன் பொய் சொன்ன எண்டு அவனுக்கு அடிச்சிற்றாங்க எண்டா?”

நான் கையில் இருந்த சுத்தியலை மேசையில் போட்டேன். அவருடைய கணக்குப் பிழையென்று எனக்குத் தெரிந்தது, சரியான கணக்கு எதுவென்று தெரியவில்லை. அவன் அவர்களிடம் தன் பெயரைச் சொல்லியிருப்பானா, தாய் பழக்கிக் கொடுத்த வேறொரு பெயரைச் சொல்லியிருப்பானா என்பதும் எங்களுக்குத் தெரியாது. அக்கா வாசலுக்கும் கதிரைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

படத்தையும் அவர் சும்மா விடவில்லை. ஒருநாள் அதைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அடுத்த நாள் ஏன் கழற்றினாய் என்று சண்டைக்கு வந்தார், மாட்டினேன். பிறகு ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரம் அவரே கதிரையில் ஏறி அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் வெறும் பலகையைப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். கதைகள் நின்றுபோயின. பீடியும் இல்லை, மாமியாரும் இல்லை. யாராவது பழைய ஞாபகத்தில், “என்ன அக்கா, அந்த ஆள் இண்டைக்கு எங்க?” என்று கேட்டால் பேசனை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

சண்டை முடிந்த செய்தி வந்த அன்று பட்டினத்தில் வெடி கொளுத்தினார்கள். நான் கடையைப் பாதிக் கதவு சாத்திவைத்திருந்தேன். அக்கா அந்தப் பாதிக் கதவால் உள்ளே வந்தார்.

“முடிஞ்சுதா மனே?”

“ஓம் அக்கா. முடிஞ்சு.”

“உண்மையாவே முடிஞ்சுதா?”

“அப்பிடித்தான் சொல்லுறாங்க.”

“அப்ப இனி உள்ளதச் சொல்லலாமா?”

வெளியே வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றேன். வேறென்ன சொல்ல. அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருஷத்துக்கு மேல் போனது. மற்றத் தாய்மார் பிள்ளைகளின் படங்களை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வீதியோரம் நிற்கத் தொடங்கினார்கள். அதில் பல படங்களுக்கு நான்தான் சட்டம் போட்டேன். அக்கா கொஞ்சம் தள்ளி, மீன் விற்கிறவராக நின்றார். கையில் பிடிக்க அவரிடம் ஒரு படமும் இல்லை, எல்லாவற்றையும் வீட்டோடு கடல் கொண்டுபோயிருந்தது.

பிறகு காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க அதிகாரிகள் வருகிறார்கள், பெயர் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டோம். அதற்கு முதல் நாள் பின்னேரம் அக்கா கடைக்கு வந்தார். படத்தை நேரே திருப்பச் சொன்னார். நெடுநேரம் பார்த்தார். எனக்கு ஒரு புத்தி கெட்ட யோசனை வந்தது. படத்தில் அவனைப் போல ஒரு முகம் இருந்தால் அதைப் பெருப்பித்துத் தருவேன், காட்டலாம் என்றேன்.

“இவனுகளுக்கும் ஆரும் தாய் இருந்திருப்பா மனே” என்றார். பிறகு அந்த வெறும் இடத்தில், கண்ணாடிக்கு மேலால் விரலை வைத்தார். “இதுல ஆரும் நிக்கல்ல. கீறினவன் விட்டுட்டான். அவ்வளவுதான். நாளைக்கு என்னோட வாறியா?”

அந்தக் காக்கா சாட்சி சொல்ல வர மறுத்துவிட்டார். ‘எனக்கும் புள்ளைகள் இருக்கு’ என்று சொன்னாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் போனேன்.

மண்டபம் நிறைந்த தாய்மார். மத்தியானத்துக்குப் பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, பக்கத்தில் சிங்களத்திலும் தமிழிலும் மாற்றிச் சொல்ல ஓர் இளம் பெண். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். வட்டை, காய்ச்சல், பஸ், வெயிலில் பையோடு நின்றது. அந்தப் பெண் சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி தாள்களைப் புரட்டினார், நிறுத்தினார், ஏதோ சொன்னார்.

“அம்மா, இவர் சுனாமியில இறந்ததாப் பதிவு இருக்கு எண்டு சொல்லுறார். பதிஞ்சதும் நீங்கதானாம்.”

“ஓம். நான்தான்.”

“அப்ப?”

“அவன் சாகல்ல. பிடிச்சிற்றுப் போயிருவாங்க எண்ட பயத்துல நான் சொன்ன பொய்.”

இறந்தவரைக் காணாமல் போனவராக எழுத முடியாதாம்.

“அப்ப முதல்ல அவன உயிரோட எழுதச் சொல்லுங்க” என்றார் அக்கா. “மறுகா காணல்ல எண்டு எழுதட்டும்.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். முகத்தில் கடுமை ஒன்றுமில்லை, களைப்புத்தான். நீண்ட ஒரு வசனம் சொன்னார். அந்தப் பெண் தமிழில் சொல்லக் கொஞ்சம் தயங்கினாள்.

“அண்டைக்கு அழுது சொன்னது பொய் எண்டா, இண்டைக்குச் சொல்லுறது உண்மை எண்டு எப்பிடி நம்புறது எண்டு கேக்கிறார் அம்மா.”

கேள்வி முடியுமுன் பதில் சொல்கிற மனுசி இந்தத் தடவை குனிந்தார். மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தார். மீன் செதில் காய்ந்து ஒட்டிய கைகள். அவர் எழும்பி வாசலுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை.

“எனக்குப் பொய் சொல்ல நல்லாத் தெரியும் ஐயா” என்றார். “இது பொய்யெண்டா இதவிட நல்லாச் சொல்லியிருப்பன்.”

அந்தப் பெண் அதை உடனே மாற்றிச் சொல்லவில்லை. அதிகாரி அவளைப் பார்த்து, என்ன சொன்னா என்பதுபோலக் கேட்டார். மெல்லிய குரலில் சொன்னாள். அவர் முதல் தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்தார். கீழே வைத்த பேனையை மறுபடி எடுத்தார்.

“மகனுக்கு என்ன வயசு?”

“எப்பத்த வயசு?” என்று கேட்டார் அக்கா. “கடலுக்குக் குடுக்கக்குள்ள பதினாறு. பஸ்ஸால இறக்கக்குள்ள பதினெட்டு.”

அந்தப் பெண் அதிகாரியிடம் பேசிவிட்டுத் திரும்பினாள்.

“இண்டைக்கு என்ன வயசு எண்டு கேக்கிறார் அம்மா.”

அக்கா கதிரையில் நிமிர்ந்தார்.

“இருபத்திரெண்டு. வாற ஆவணிக்கு இருபத்திமூணு.”

அதிகாரி குனிந்து எழுதத் தொடங்கினார். அக்கா எழும்பி, இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, அவர் அதை எழுதி முடிக்கும்வரை பேனையின் முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.